தொலைவில் கேட்ட துயரம்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி வந்தோர் யாவரும் சிலவற்றை இழந்தே வந்துள்ளோம். ஆற்றங்கரையும், கோயில் மணியோசையும், தேர்த் திருநாளும் அவ்விழப்பினுள் அடங்கும். அவற்றை நாளடைவில் ஒருவாறு ஈடு செய்துகொண்டோம். தில்லியின் கரோல்பாகிலும், மும்பையின் மாதுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் முருங்கைக்காயும் வெற்றிலையும் கிடைக்கச் செய்துகொண்டோம். தில்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973ஆம் ஆண்டில் சுவாமிநாதனுக்குக் குடமுழுக்குச் செய்து கும்பிட்டோம். ஆயினும் எதனாலும் ஈடு செய்ய இயலாத இழப்பு ஒன்று உண்டு. ஊரில் பெற்றோர் கண்மூடும் வேளையில் நாம் அருகில் இல்லாமையே அது.

இத்திங்கள் அதனைக் குறித்தே அன்பர்களுடன் சில சொற்கள் பேச விழைகின்றோம். மங்கலமற்ற பொருள் என்று எவரும் முகஞ்சுளிக்க வேண்டா. இத்துயரை அறியாத இல்லம் நம்மிடையே அரிது. அறிந்தும் வாய்விட்டுப் பேசாத இல்லங்களோ மிகப் பல.

முன்னாளில் இச்செய்தி தந்தியாய் வந்தது. தந்திச் சேவகரின் மிதிவண்டி தெருமுனையில் திரும்பக் கண்டாலே தமிழ்க் குடும்பங்களின் நெஞ்சு படபடக்கும். பிள்ளை பிறந்ததும் வேலை கிடைத்ததும் தந்தியில் வந்தனவே. ஆயினும் அத்தாளைப் பிரிக்கும் கை நடுங்காமல் இருந்ததில்லை. அத்தந்திப் பணி 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாளோடு இந்நாட்டில் முற்றுப்பெற்றது. இன்று நள்ளிரவில் கைபேசி ஒலிக்கிறது. கருவி மாறிற்று, நடுக்கம் மாறவில்லை.

தொலைவும் மாறவில்லை. தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். விரைவு வண்டிக்கும் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. திருநெல்வேலிக்கோ நாகர்கோயிலுக்கோ செல்வோர்க்கு அதன் பின்னரும் ஓர் இரவுப் பயணம் உண்டு. நம் நாட்டு வெப்பத்தில் உயிர் பிரிந்த உடல் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. வானூர்தி உள்ளதே என்பர். சீட்டுக் கிடைத்து, நிலையத்தில் இறங்கி, வாடகை வண்டி பிடித்து ஊர் எல்லையை அடையும்போது, சுடுகாட்டிலிருந்து திரும்புவோரை எதிரில் கண்டவர் நம்மில் உண்டு. “முகம் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லையே” என்னும் ஏக்கம் ஆண்டுகள் பல கடந்தும் அவர்தம் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. பிழைப்புக்காக வந்ததே பிழையோ என்று தம்மையே அவர்கள் வினவிக்கொள்கின்றனர்.

இவ்வேக்கத்தின் கொடுமுடியை 2020ஆம் ஆண்டில் கண்டோம். கொரோனாத் தொற்றின் பொருட்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்னரே பயணி வண்டிகள் நின்றன. மே 12ஆம் நாளில்தான் பொதுப் பயணிகளுக்கெனச் சில சிறப்பு வண்டிகளேனும் ஓடத் தொடங்கின. உள்நாட்டு வானூர்திகள் மே 25ஆம் நாள் மீண்டும் பறந்தன. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது அன்றைய ஆணை. அவ்விரு திங்களில் ஊரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள், பணம் இருந்தும், உடல்நலம் இருந்தும், புறப்பட மனம் இருந்தும், இருந்த இடத்திலேயே இருந்து அழுதனர்.

அவர்களுள் ஒருவரை நாம் அறிவோம். தில்லியில் அலுவல் பார்ப்பவர். அவருடைய தாயார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஏப்ரல் திங்களில் மறைந்தார். தந்தைக்குத் தலைமகனும் தாய்க்குக் கடைமகனும் கொள்ளியிடுதல் அவர்கள் குடிமரபு. அவரே கடைமகன். அவர் இடத்தில் நின்று தமையனார் கொள்ளியிட்டார். அதனைக் கைபேசித் திரையில் காட்ட உறவினர் ஒருவர் முயன்றார். சிதை மூட்டும் தறுவாயில் தொடர்பு அறுந்தது. மீண்டும் இணைந்தபோது புகை மட்டுமே தெரிந்தது என்றார் அந்நண்பர். அன்று அவர் அழவில்லை. உடுத்த துணியோடு தலைமுழுகி வந்து, ஒரு மூலையில் அமர்ந்தவர் எழவேயில்லையாம்.

அவருடைய வீடு மூன்றாம் மாடியில் உள்ளது. அந்தச் சிறு வாயிலிலும் அவர் மனைவியார் நாள்தோறும் கோலம் இடுவார். துக்கம் நேர்ந்ததும் கோலம் நின்றது. எதிர் வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். எட்டாண்டுகளாகப் புன்னகை ஒன்றே அவ்விரு வீட்டார்க்கும் பொதுமொழி. இரண்டாம் நாள் காலை அவ்வீட்டு முதிய அம்மையார், முகத்தைத் துணியால் மூடி, கதவைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்றார். “இரண்டு நாளாக உங்கள் வாசலில் அந்தக் கோடுகளைக் காணோம். வீட்டில் யாருக்கு என்ன?” என்று இந்தியில் கேட்டார். அவர் காலடியில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் ரொட்டியும் பருப்பும் இருந்தன. அக்கேள்வியைக் கேட்ட பின்னரே நம் நண்பருக்குக் கண்ணீர் வந்தது.

சாவு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டலாகாது, உற்றார் உணவு கொணர வேண்டும் என்பது நம் ஊர்களின் வழக்கம். அவ்வழக்கத்தை அந்த அம்மையார் அறியார். அறியாமலே அதனை நிறைவேற்றினார். வாயிலில் மாவுக் கோடு இல்லை என்பதைக் கண்டு, உள்ளே துயர் உண்டு என்பதை உணர்ந்தார். ஊரில் 20 பேருக்கு மேல் கூட இயலாத சாவுக்கு இங்கு ஒருவர் துக்கம் கேட்க வந்துவிட்டார். இதனை இறையருள் என்பதா, அயலார் அன்பு என்பதா என்று நண்பர் நம்மை வினவினார். இரண்டையும் பிரித்து அறிய வல்லார் யார்? அருள் வரும்போது ஒரு தூக்குப் பாத்திரத்தோடும் வரலாகும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மற்றொன்றையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். தொலைவில் இருந்து துயருறுவோரை நம் முன்னோர் மறந்தவர் அல்லர். பழைய தரும நூல்கள், அயல்நாட்டில் இருக்கும் ஒருவன் உறவினர் சாவைக் காலந்தாழ்ந்து கேட்டால் செய்ய வேண்டுவதைத் தனியே வகுத்துள்ளன. பத்து நாளுக்குள் கேட்டவன் எஞ்சிய நாள்களைத் துக்கம் காத்தால் போதும். அதன் பின்னர்க் கேட்டவன் மூன்று இரவுகள் காக்க வேண்டும். ஓராண்டு கடந்து கேட்டவன் நீராடித் தூய்மை பெறுவான் என்பது பொது விதி. உறவுக்கு உறவு, குடிக்குக் குடி இது வேறுபடும். விதியின் நுணுக்கம் எவ்வாறாயினும் அதன் உட்கருத்து நம் போன்றோர்க்கு ஆறுதல் தருவது. கேட்ட நாளே தொலைவில் உள்ளவனுக்குத் துக்க நாள் ஆகிறது. அவன் நிற்கும் இடமே, அஃது எந்த ஊராயினும், அவன் கடமையாற்றும் இடம் ஆகிறது. வணிகத்துக்கும் யாத்திரைக்கும் போருக்கும் நெடுந்தொலைவு சென்றவர்கள் அக்காலத்தும் இருந்தனர். அவர்கள் வரவில்லை என்று அந்நூல்கள் பழிக்கவில்லை. அவர்கள் செய்ய வேண்டுவது யாது என்று மட்டுமே கூறின.

பிற சமயங்களிலும் இக்கருணையைக் காண்கிறோம். தொலைவில் மறைந்தவருக்காக, உடல் முன்னில்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தும் முறை இசுலாத்தின் ஷாஃபிஈ வழியில் உண்டு. கத்தோலிக்க அன்பர்கள் தாம் வாழும் ஊரின் கோயிலிலேயே, மறைந்தவர் பெயரால் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்கின்றனர். நவம்பர் 2ஆம் நாளில், பெற்றோர் கல்லறைக்குச் செல்ல இயலாதார் வேற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் எவருடைய கல்லறையிலேனும் மெழுகுவத்தி ஏற்றிவருதலும் உண்டு. வழிபாடு வேறு, மொழி வேறு. எனினும் இவை யாவும் ஒன்றையே சொல்கின்றன. அன்பு செலுத்துதற்கு அருகில் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இனி, வடநாட்டில் வாழும் நமக்கு அண்மையில் உள்ள ஓரிடத்தை நினைவூட்டுவோம். இன்று உத்தரப் பிரதேசத்தில் சிராவஸ்தி எனப்படும் இடம், புத்தர் பெருமான் பல மழைக்காலங்கள் தங்கிய பழைய சாவத்தி நகர். அங்கு வாழ்ந்த கிசா கோதமி என்னும் இளந்தாயின் வரலாற்றைப் பௌத்த உரைநூல்கள் கூறும். இறந்த மகவை ஏந்தி மருந்து கேட்டு வந்தவளிடம், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வருமாறு பெருமான் பணித்தார். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு நேராத வீடுதான் இல்லை. உலகம் நிலையற்றது என்பதே இக்கதையின் பொருளாகப் பலராலும் சொல்லப்படும். அது மெய்யே. ஆயினும் வேறொன்றும் இதில் உண்டு. நிலையாமையைப் பெருமான் அமர்ந்த இடத்திலிருந்தே உரைத்திருக்கலாம். அவரோ அவளை வீடு வீடாய் நடக்க விட்டார். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பெண் வெளியே வந்து, “என் வீட்டிலும் என் தந்தை”, “என் வீட்டிலும் என் மகன்” என்று கூறியிருப்பாள் அன்றோ? தன் துயரைச் சொல்லிப் பிறர் துயரைக் கேட்ட அந்நடையே அவளுக்கு மருந்தாயிற்று. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் கடுகு அதற்கு ஒரு காரணமாயிற்று, அவ்வளவே.

வள்ளுவர் நூலின் அமைப்பிலும் இதனோடு ஒத்த ஒரு கருத்து விளங்குகிறது. நிலையாமையைப் பற்றிய 34ஆம் அதிகாரத்தை அவர் துறவறவியலில் வைத்தார். துன்பத்துக்குத் தளராமை கூறும் ‘இடுக்கண் அழியாமை’ என்னும் 63ஆம் அதிகாரத்தையோ பொருட்பாலில், மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் அடுத்து வைத்தார். துயரைத் தாங்கும் வலிமையை உலகைத் துறந்தார்க்கே உரியதாக்காமல், நாளும் உழைத்து வாழ்வார்க்கு உரியதாக்கியது அவ்வமைப்பு. ஆறுதல் என்பது வேலைக்கு அருகில் இருக்கும் பொருள் போலும்.

நம் நண்பரின் பிற்செய்தி இதற்குச் சான்று. அவருடைய தாயார் உணவு உண்ணுமுன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பவர். மறைந்த மூன்றாம் நாள் முதல் நண்பர் மாடிச் சுவரில் அச்செயலைத் தொடங்கினார். பெரிய நம்பிக்கை ஒன்றும் அப்போது தமக்கு இல்லை என்றும், அம்மாவின் வேலை நின்றுவிடக் கூடாதே என்றுதான் செய்ததாகவும் அவர் கூறுகின்றார். முதல் இரு நாள் சோறு அப்படியே காய்ந்து கிடந்ததாம். அதன் பின்னர்க் காக்கைகள் வந்தன. இன்று வரை அது நிற்கவில்லை. நம்பிக்கை முன்னே தோன்றிச் செயல் பின்னே வரும் என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் செயல் முன்னே செல்ல, நம்பிக்கை அதன் விரலைப் பற்றிக்கொண்டு மெல்லப் பின்னே வருகின்றது.

சாவு ஒன்றே இழப்பு அன்று. ஓய்வுபெற்றதும் திரும்பலாம் என்று எண்ணியிருந்த பூர்வீக வீடு பாகம் பிரிக்கப்பட்டு விற்கப்படுதலும் ஓர் இழப்பே. கிணற்றடியும் திண்ணையும் எவர் கைக்கோ போய்விட்டன என்று கடிதம் வந்த நாளில் உண்ண மனமின்றி இருந்தோர் பலர். அவர்க்கும் நாம் கூறுவது வேறில்லை. திண்ணை போயிற்று; திண்ணையில் வழிப்போக்கர்க்கு நீர் கொடுத்த பழக்கம் போக வேண்டுவதில்லை. கோடையில் வாயிலுக்கு வரும் தபால்காரர்க்கும் கூரியர் இளைஞர்க்கும் ஒரு குவளை மோர் கொடுக்கும் வீட்டில், அந்தத் திண்ணை இன்றும் உளது.

இவ்விடத்தில் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். நம்முள் ஒருவர்க்கு ஊரிலிருந்து இத்தகைய செய்தி வந்ததாகக் கேட்டால், அவர் ஊருக்குச் சென்று திரும்பட்டும், பிறகு பார்ப்போம் என்று இராதீர்கள். செல்ல இயலாதவரே நம் வரவை மிகுதியும் வேண்டி நிற்பவர். உடனே செல்லுங்கள். விதி என்றும் வினை என்றும் விரிவுரை வேண்டா. “அம்மா எப்படி இருப்பார்கள்? என்ன சமைப்பார்கள்? உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டிருங்கள். ஊரில் பத்து நாள் திண்ணையில் நடைபெறும் பேச்சு இங்கு ஒரு மாலையிலேனும் நடைபெறட்டும். கையில் சிறிது உணவும் கொண்டு செல்லுங்கள். அன்று அவ்வீட்டில் எவரும் சமைத்திரார்.

துயருற்ற அன்பர்க்கும் ஒரு சொல். நீங்கள் வர இயலாது போனதைப் பெற்றோர் குறையாக எண்ணியிரார். உங்களைத் தொடர்வண்டி ஏற்றி அனுப்பியவர்கள் அவர்களே. எவ்வளவு தொலைவு என்பதை அறிந்தே அனுப்பினர். அவர்கள் முகத்தை இறுதியாகக் காணவில்லையே என்று வருந்துகின்றீர்கள். நீங்கள் கறிவேப்பிலை கிள்ளும் விதத்திலும், குழந்தைக்குத் தலை துவட்டும் கையிலும், அந்தியில் “விளக்கேற்றியாயிற்றா?” என்று கேட்கும் குரலிலும் அம்முகம் நாள்தோறும் உங்கள் இல்லத்தில் எழுகின்றது. உங்கள் பிள்ளைகள் அதனைக் கண்டுகொண்டேதான் வளர்கின்றனர்.

துக்க நாள்கள் முடிந்தபின் வாயிலில் மீண்டும் கோலம் இடுங்கள். எதிர் வீட்டார் அதற்காகக் காத்திருத்தல் கூடும்.