சம்ப்ளேன் ஏரி ட்ரவுட்: எல்லாம் பொரிப்பகத்து மீனா?

சம்ப்ளேன் ஏரியில் இருக்கும் ஏரி ட்ரவுட் முழுக்கப் பொரிப்பகம் விட்ட மீன், விடுவதை நிறுத்தினால் ஏரி வெறுமையாகிவிடும் என்பது தூண்டில்காரர்களிடம் நெடுநாளாக இருக்கும் கருத்து. சுமார் நாற்பது ஆண்டுகள் அது உண்மையாகவும் இருந்தது. இன்று அப்படி இல்லை.

வேர்மொன்ற், நியூயோர்க், கியூபெக் ஆகிய மூன்றும் பங்குபோடும் இந்த ஏரி ஏறத்தாழ 190 கிலோமீற்றர் நீளம். இதன் நீர் ரிஷெலியூ ஆறு வழியே சென்ட் லோரன்ஸ் நதியில் சேர்கிறது. மொன்றியலின் சென்ட் லோரன்டிலிருந்து தெற்கே போகிறவருக்கு அருகில் இருப்பது கியூபெக் பக்கத்து மிசிஸ்குவா விரிகுடா. அது ஆழமற்றது, கோடையில் சூடேறுவது. குளிர்ந்த ஆழ்நீரில் வாழும் இந்த மீனை அங்கே தேடிப் பயனில்லை. நடு ஏரியின் ஆழம் 120 மீற்றர் வரை போகிறது. ஏரியின் பூர்வீக ஏரி ட்ரவுட் 1900 அளவில் அற்றுப்போனது. 1970களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் குஞ்சு விடப்பட்டது.

காட்டு மீனையும் வளர்ப்பு மீனையும் பிரித்தறிய முடியாது என்பது முதல் வாதம். ஆனால் விடப்பட்ட ஒவ்வொரு ஏரி ட்ரவுட்டுக்கும் ஒரு செட்டை வெட்டப்பட்டது. அடியோடு வெட்டிய செட்டை மீண்டும் முளைக்காது. ஆண்டுக்கு ஆண்டு வேறு செட்டை வெட்டியதால் மீனின் வயதும் தெரிந்துவிடும். வெட்டுத் தவறிய மீன்கள் சில இருக்கும்தான். ஆனால் வெட்டில்லாத இளமீன்களின் பங்கு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதற்குக் கைத்தவறு காரணமாக முடியாது. போதாததற்கு, ஒரே வயதில் காட்டுக் குஞ்சு வளர்ப்புக் குஞ்சைவிடச் சிறியது. அளவுகோலும் செட்டையும் ஒரே சாட்சியைச் சொல்கின்றன.

வளர்ப்பு மீனுக்கு முட்டையிடத் தெரியாது என்பது அடுத்தது. இதுதான் மிகப் பிழையானது. கிராண்ட் ஐல் அருகே அலைதடுப்புக் கற்களுக்கிடையே முட்டைகளும் அவற்றிலிருந்து வெளிவந்த குஞ்சுகளும் ஏராளமாக இருப்பதை வேர்மொன்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். முட்டை இருந்தது, குஞ்சும் இருந்தது. வளர்ந்த மீனாக ஒன்றும் தேறவில்லை. குறை முட்டையிடுதலில் இல்லை, அதற்குப் பின்னால் இருந்தது.

தூண்டிலில் அகப்படுவதை எண்ணினாலே போதுமென்றும் சொல்வார்கள். தூண்டிலில் வருவது பெரிய மீன். இன்று பிறந்த காட்டுக் குஞ்சு தூண்டிலைக் கடிக்கப் பல ஆண்டு ஆகும். அதனால்தான் 2015இல் வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தின் எலன் மார்ஸ்டனின் குழு ஏரியின் அடியில் இழுவை வலை போட்டு இளமீன்களைத் தேடியது. 2012 முதல் பிறந்த வெட்டில்லாத மீன்கள் அடுத்தடுத்த வயதுகளில் கிடைத்தன. வெறும் தூண்டில் கணக்கை நம்பியிருந்தால் இந்தச் செய்தி நெடுநாள் தாமதமாகியிருக்கும்.

ஏல்வைஃப் மீன் வந்தபின் இயற்கைப் பெருக்கம் நடவாது என்ற வாதத்துக்கு மட்டும் ஓரளவு வலு உண்டு. அதன் உடலிலுள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும். அதைத் தின்ற தாயின் குஞ்சுகள் சாகும். பெரும் ஏரிகளில் இது நடந்தது. ஆனால் சம்ப்ளேனுக்கு ஏல்வைஃப் வந்தது 2003 அளவில். காட்டுக் குஞ்சுகள் தேறத் தொடங்கியது அதற்குப் பின். அவை தேறியதன் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இரத்தம் உறிஞ்சும் லாம்ப்ரேக்கு எதிராக 1990இல் தொடங்கிய மருந்தடிப்பு வளர்ந்த மீன்களைக் காத்தது. 

ஏரியை நிரப்புவது குஞ்சு விடுவதே என்பவர்கள் சுப்பீரியர் ஏரியைப் பார்க்கலாம். அங்கே பெரும்பகுதியில் 1990களிலேயே விடுவது நின்றது. அதன் பெரும்பாலான பகுதிகளில் ஏரி ட்ரவுட் முழுமையாக மீண்டுவிட்டதாகப் பெரும் ஏரிகள் மீன்வள ஆணையம் 2024 நவம்பரில் அறிவித்தது.