முட்டையைக் கொடுத்தீர்கள், கதையைச் சொன்னீர்களா?

சபையில் நம்மோடு உட்காரும் தாய்மாரே, தகப்பன்மாரே, கொஞ்சம் கண்டித்தே கேட்கிறேன். லெந்து காலம் முழுக்க வீட்டில் கறி எடுக்கவில்லை. குருத்தோலை ஞாயிறன்று பிள்ளையின் கையில் ஓலைச் சிலுவை இருந்தது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில் நாலாவது வார்த்தை வருவதற்குள் அது மடியில் தூங்கிவிட்டது. ஞாயிறன்று புதுத்துணி, பேக்கரியில் வாங்கிய சாக்லேட் முட்டை, மட்டன் பிரியாணி. இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து சொன்னோமா?

"அதான் ஞாயிறு பள்ளிக்கு அனுப்புகிறோமே" என்பீர்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் வைத்துவிட்டு, அங்கே நடத்தியதை வீட்டிலும் கேட்டு மறுபடி எழுத வைக்கிற நாம், விசுவாசத்தை மட்டும் வாரம் ஒரு மணி நேரம் பாடம் எடுக்கும் ஒரு காலேஜ் பெண்ணின் தலையில் கட்டிவிட்டோம். அவள் மனப்பாட வசனம் சொல்லித் தருவாள், பரிசும் கொடுப்பாள். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு "ஆச்சி செத்துப் போனாங்களே, இனி அவங்களைப் பார்க்கவே முடியாதா?" என்று பிள்ளை கேட்பது உங்களிடம்தானே?

பஸ்காவை ஆசரிக்கச் சொன்ன இடத்திலேயே, யாத்திராகமம் 12-ல், இதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது நீங்கள் சொல்லுங்கள் என்று வீட்டாரிடம்தான் பொறுப்பு கொடுக்கப்பட்டது. ஆசாரியனிடம் அனுப்பி வையுங்கள் என்று அங்கே இல்லை. யூத வீடுகளில் இன்றும் பஸ்கா இரவுப் பந்தியில் கடைக்குட்டிதான் கேள்வி கேட்கிறது. நம் ஈஸ்டர் அந்தப் பண்டிகையோடு ஒட்டிப் பிறந்தது.

முட்டை மேல் எனக்குக் கோபம் இல்லை. பழங்காலத்தில் லெந்து நாட்களில் முட்டையும் விலக்கு. சேர்ந்திருந்த முட்டைகள் பண்டிகையன்று பந்திக்கு வந்தன. கிழக்குச் சபைகளில் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்து அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். இதையாவது சொல்லிக் கொடுக்கலாமே.

அதைவிட என்னை வருத்துவது, வெள்ளிக்கிழமையைப் பிள்ளைகளிடம் மறைப்பது. "சின்னப் பிள்ளைக்கு ஆணியும் ரத்தமும் எதற்கு?" என்று நேரே ஞாயிற்றுக்குத் தாவிவிடுகிறோம். செல்போனில் அவர்கள் பார்க்காத ரத்தமா? இயேசு உண்மையாகவே செத்தார் என்று சொல்லுங்கள். அரிமத்தியா ஊர் யோசேப்பு உடலைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, கல்லறையில் வைத்து, வாசலில் கல்லைப் புரட்டி வைத்தார். சனிக்கிழமை சீஷர்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று பிள்ளையையே கேளுங்கள்.

பிறகு ஞாயிறு. நான்கு சுவிசேஷங்களிலும் விடியற்காலையில் முதலில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள்தான். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் இதை விட்டுவிடாதீர்கள். மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நிற்கிறார். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஆண்டவர் என்று தெரிகிறது.

யோவான் 21-ஐயும் கட்டாயம் வாசியுங்கள். ராத்திரி முழுக்க சீஷர்கள் வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடியும்போது கரையில் நின்ற ஒருவர் வலது பக்கம் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள்! எண்ணியே பார்த்திருக்கிறார்கள். கரையேறினால் கரிநெருப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. சாவை ஜெயித்தவர், பட்டினியாக வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்து வைத்துக் காத்திருக்கிறார். பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்ததும் கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடிதான், மூன்று தடவை. இப்போதும் கரிநெருப்புதான், என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வியும் மூன்று தடவை. திட்டவில்லை, தள்ளிவிடவில்லை, வேலையைக் கொடுத்து அனுப்புகிறார். பொய் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்காமல் திரிகிற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன நற்செய்தி வேண்டும்?

"எனக்கு விளக்கத் தெரியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாசிக்கத் தெரிந்தால் போதும். செத்தவர் எப்படி எழுந்தார் என்று பிள்ளை கேட்டால் "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். தோமாவும் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். அவரை ஆண்டவர் விரட்டவில்லை, காயத்தைக் காட்டினார். எப்படி என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், நான் நம்புகிறேன் என்றும் சொல்லுங்கள்.

இந்த வருஷம் சனிக்கிழமை ராத்திரி டிவியை அணைத்துவிட்டுப் பாயை விரியுங்கள். லூக்கா 23, 24 இரண்டையும் வாசிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அப்பா ஒரு பகுதி, அம்மா ஒரு பகுதி, எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு எம்மாவு வழியில் நடந்த கதை. தாத்தா வீட்டில் இருந்தால் ஜெபத்தை அவரிடம் விடுங்கள்.