சான்றிதழ்ச் சோதனையை நீக்கலாமா?

மென்பொருளைப் புதுப்பிக்க முற்படுகையில், "சான்றிதழ் செல்லாது" என்ற அறிவிப்புடன் கணிப்பொறி நின்றுவிடுவதுண்டு. உடனே சான்றிதழ்ச் சோதனையையே நீக்கிவிடும் வழக்கம் பரவியுள்ளது. கேள்வி கேட்கிறான் என்பதற்காகக் காவற்காரனை வேலையினின்று விலக்குவது போன்றதாகும் இது.

மென்பொருளை அனுப்பும் நிலையம் இன்னதே என்பதற்கு, நம்பத்தக்க நிறுவனமொன்று அளிக்கும் அத்தாட்சியே சான்றிதழ். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறியின் கடிகாரத்தை இயக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோயின், தேதி பல்லாண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். செல்லத்தக்க சான்றிதழும் அப்போது செல்லாததாகத் தோன்றும். ஆதலின் முதற்கண் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்தல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது, கணிப்பொறியிலுள்ள மூலச் சான்றிதழ்ப் பட்டியல். 2021 செப்டம்பர் 30 அன்று 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்னும் மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. அதனையே நம்பியிருந்த பழைய கணிப்பொறிகள் பல, 'லெட்ஸ் என்கிரிப்ட்' வழங்கிய சான்றிதழ்களை ஏற்க மறுத்தன. 'ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1' என்னும் புதிய மூலத்தைச் சேர்ப்பதும், தேவைப்படின் பழையதை அகற்றுவதுமே அதற்குரிய பரிகாரமாயின.

சில அலுவலகங்களில் வலையமைப்பின் இடையே அமைந்த சோதனைக் கருவி தன் சான்றிதழை முன்வைக்கும். அதனை வலையமைப்பு நிர்வாகியிடமிருந்து பெற்று நிறுவுதலே முறை.

அவசரத்தில் ஒருமுறை நீக்கிய சோதனை, பெரும்பாலும் மீண்டும் அமைக்கப்படுவதில்லை. அந்நிலையில் போலி மென்பொருள் நுழையுமாயின், மாணவர் மதிப்பெண்களும் ஊழியர் திரட்டிய கள அளவைகளும் அழியக்கூடும். தேதியைத் திருத்தச் சில நிமிடங்களே போதும். இழந்த அளவைகளை மீண்டும் திரட்ட ஒரு பருவமே கழிந்துவிடும்.