லயத்தை இடிப்பதா, காப்பதா? முடிவு நம்முடையதாக இருக்கட்டும்!



தேயிலைத் தோட்டங்களின் பழைய கட்டடங்கள் நாட்டின் பாரம்பரியச் சொத்து, அவற்றை இடிக்கக் கூடாது என்று சிலர் பேசுகிறார்கள். துரை பங்களாவும் பழைய தொழிற்சாலையும் போல லயமும் அப்படியே இருக்க வேண்டுமாம். உல்லாசப் பயணிகள் வந்து பார்ப்பார்களாம்.

இப்படிப் பேசுபவர்களை ஒரு மழைக்காலம் முழுக்க லயத்துக் காம்பராவில் குடியிருந்துவிட்டு வந்து பேசச் சொல்வோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. தகரம் பறக்காமலிருக்க மேலே கல். ஒழுகும் இடமெல்லாம் சட்டி. பின்பக்கம் இன்னொரு வரிசை ஒட்டியிருக்கும் இரட்டை லயமென்றால் காற்று வரவும் வழியில்லை.

காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்கள் இன்று ஹோட்டல்கள். பளபளக்கும் பலகைத் தரை, பூந்தோட்டம், வெள்ளிக் கெட்டிலில் தேநீர். துரை வாழ்ந்த வீட்டைப் பணம் போட்டுக் காத்தார்கள். நம் லயத்தையோ பழுது பார்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பாழுக்கு இப்போது பாரம்பரியம் என்று பெயர் வைக்கலாமா?

லயம் குடும்பம் வாழ்வதற்கென்று கட்டப்பட்டதல்ல. பிரட்டுக்கு ஆள் தவறாமல் வர வேண்டும், எல்லோரும் ஒரே பார்வையில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. கோப்பிக் காலத்தில் தொடங்கிய அந்த ஏற்பாடு தேயிலைக் காலத்திலும் நீடித்தது. 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு நம்மைத் தலையெண்ணிப் பங்கு பிரித்தார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. இவ்வளவு மாற்றத்திலும் லயம் மட்டும் மாறவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை மறந்துவிட முடியுமா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களோடு மக்களையும் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. எழும்பிப் போகத்தான் மாற்று வீடு இருக்கவில்லை.

ஆகவே லயம் இடிக்கப்பட வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எப்போது, எப்படி, யார் முடிவில் என்பதில்தான் ஏமாந்துவிடக் கூடாது.

இடிப்பதற்கு முன் வீடு கையில் வர வேண்டும். வீட்டோடு காணியும், காணியோடு உறுதியும் வர வேண்டும். ஏழு பேர்ச்சஸ் என்று மேடையில் சொன்னால் போதாது. உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். உறுதியில்லாத வீட்டில் குடியேறினால், லயத்தில் இருந்ததைப் போலவே நாளையும் துரையின் தயவில்தான் இருப்போம்.

காம்பராவைக் கணக்கெடுக்காதீர்கள், குடும்பங்களைக் கணக்கெடுங்கள். ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் இருக்க, ஒரு வீடு கொடுத்துவிட்டு அந்தக் காம்பராவை இடித்தால் மற்ற இரு குடும்பமும் எங்கே போகும்?

ஒரு காம்பராவை மட்டும் இடிப்பதும் கூடாது. லயத்துக்குக் கூரை ஒன்று, நடுச்சுவரும் பொது. நடுவில் ஒன்றை உடைத்தால் இரு பக்கத்து வீடும் மழைக்குத் திறந்துவிடும். ஒரு லயத்தில் உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் வீடு கிடைத்த பிறகே அந்த லயத்தில் கடப்பாரை விழ வேண்டும்.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்ச வேண்டாமா என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. இந்தச் சுவர்களுக்குள்தான் நம் பாட்டிமார் பிள்ளை பெற்றார்கள், சங்கம் கட்ட இரகசியமாகக் கூடினார்கள். பழைய பீகொக் தோட்டத்தில் லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் அங்கே சாட்சி சொல்கின்றன. அதைப் போல ஒவ்வொரு பகுதியிலும் ஒரு லயத்தைக் காப்போம். ஆனால் அதில் ஒரு குடும்பமும் குடியிருக்கக் கூடாது. எந்த லயம் என்பதையும் அங்கே என்ன எழுதுவது என்பதையும் தொழிலாளர்களே தீர்மானிக்க வேண்டும். கம்பனியின் விளம்பரப் பலகை அங்கே வேண்டாம்.

தோட்டக் கமிட்டிகள் இந்த மாதக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குடும்பம், எத்தனை பேர், கூரையும் சுவரும் எந்த நிலையில், மண்சரிவு ஆபத்து உண்டா என்று நாமே எழுதி எடுப்போம். துரையின் கணக்கு வரும்போது நம் கணக்கும் மேசையில் இருக்க வேண்டும்.

முதலில் வீடும் உறுதியும்! பிறகே கடப்பாரை!