சான்றிதழ் போதும், ஆள் அனுப்புங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரநாயக்கவின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? அஹதிய்யாவில், தஹம் பாடசாலையில், தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் அறநெறி வகுப்பில். கிழமை நாட்களில் அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா, லயத்துப் பக்கம் மாலை வகுப்பு. அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்வது யார்? பெரும்பாலும் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஒரு பெண் பிள்ளை. சம்பளம் இல்லை, அல்லது பஸ் காசுக்குக் காணும் அளவுக்கு ஏதோ கொஞ்சம்.

எங்களைப் போலக் கல்வியியற் கல்லூரிக்குப் போனவர்களுக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள். அதில் கடைசி வருடம் கட்டுறுப் பயில்வு. யாராவது வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள், முடிந்ததும் கூப்பிட்டு என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். நியமனம் கிடைத்த பிறகும் ஆசிரிய ஆலோசகர், சேவைக்காலப் பயிற்சி, பாடசாலை மட்ட வாண்மை விருத்தி என்று ஏதோ ஒன்று நடக்கிறது. இவ்வளவும் ஒரே தரத்துப் பிள்ளைகளை ஒரு பாடவேளை வைத்துக்கொள்வதற்கு. அந்தத் தங்கச்சியிடம் ஆறு வயதும் பதினான்கு வயதும் ஒரே மண்டபத்தில், ஒரே பாயில், இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்கின்றன.

அவளுக்குக் கிடைப்பது வருடத்தில் ஒரு நாள் செயலமர்வு. பேனர், வரவேற்புரை, அதிதிகளின் உரை, தலைமையுரை. வளவாளர் மைக்கைப் பிடிக்கும்போது பதினொரு மணி. சிறுவர் உளவியல் என்று புரொஜெக்டரில் எழுபது ஸ்லைட். பிறகு சாப்பாட்டுப் பார்சல், சான்றிதழ், குரூப் போட்டோ. மாலைக்குள் பேஸ்புக்கில் "வாண்மை விருத்தி இனிதே நிறைவுற்றது". அடுத்த ஞாயிறு அதே மண்டபம், அதே சத்தம், அதே தங்கச்சி. சில மாதத்தில் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விடுவாள். இடத்துக்கு இன்னொருத்தி. அவளுக்கும் ஒரு சான்றிதழ்.

"சும்மா வந்து செய்கிறவர்களுக்குப் பயிற்சி என்று சுமை ஏற்றினால் ஓடிவிடுவார்கள்" என்கிறார்கள். இப்போதும்தானே ஓடுகிறார்கள்! தனியாக விடப்பட்டதால்தான் ஓடுகிறார்கள் என்பது எங்கள் அனுபவம். "நிய்யத் இருந்தால் போதும்" என்பது இன்னொரு பதில். ஜனாஸா குளிப்பாட்டுவதற்குக்கூட ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, பார்க்க வைத்து, பழக்கித்தானே விடுகிறோம்? அங்கே யாரும் நிய்யத்தை மட்டும் கேட்பதில்லை. தோட்டத்தில் புதிதாகப் பால் வெட்ட வருகிறவரிடம் முதல் நாளே நல்ல ரப்பர் மரத்தைக் கொடுப்பார்களா? கத்தி ஆழமாகப் போனால் பட்டை சரியாக வளராது என்று கங்காணிக்குத் தெரியும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு மத்ரஸாவைப் பற்றிப் பேசாதவர் நாட்டில் இல்லை. என்ன புத்தகம், யாருடைய பதிவு என்று ஆயிரம் கேள்வி. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அடிக்கக் கூடாது என்று பாடசாலைகளுக்கு 2005/17 சுற்றுநிருபம் வந்தது. அது பள்ளிவாசல் படியையோ ரியூஷன் கொட்டிலையோ ஏறவில்லை. ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையை வகுப்பு முடிந்து மெதுவாகச் சொன்னால் என்ன செய்வது, 1929க்கு எப்போது அழைப்பது என்று அந்தத் தங்கச்சிக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்களா?

எங்கள் ஊரில் இது வெறும் பேச்சு இல்லை. 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே பக்கம் மண்ணுக்குள் போனது. அதன் பிறகு வானம் இருட்டினாலே வாய் திறக்காத பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருந்தார்கள். மனம் விட்டுப் பேச அவர்கள் தேடிப் போனது பெரும்பாலும் எங்களை அல்ல, மாலை வகுப்பு அக்காவை. அந்த அக்காவுக்கு இருபது வயது.

முடியாத காரியமா? தோட்டத்தில் பிள்ளை மடுவத்துக்கு ஒரு காலத்தில் மலையேற முடியாத யாராவது ஓர் ஆயா போதும் என்றிருந்தது. இன்று அது சிறுவர் அபிவிருத்தி நிலையம், நடத்துபவருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. தஹம் பாடசாலை ஆசிரியருக்குத் தர்மாச்சாரியப் பரீட்சை இருக்கிறது. அஹதிய்யாவில் பிள்ளைக்குப் பரீட்சைத் திணைக்களம் சான்றிதழ்ப் பரீட்சை வைக்கிறது; படிப்பித்தவரைத் தேடி யார் வருகிறார்கள்? பரீட்சை மட்டும் வைத்தாலும் போதாது என்பது வேறு விஷயம்.

நாங்கள் கேட்பது சின்னது. மாவனல்லை வலயத்தில் அனுபவமுள்ள ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு தடவை ஒருவர் போய் அந்த வகுப்பின் பின்னால் உட்காரட்டும். பிறகு ஒரு பிளேன்ரீயோடு அரை மணித்தியாலம் பேசட்டும். அஹதிய்யாத் தங்கச்சி அறநெறி வகுப்பைப் போய்ப் பார்க்கட்டும், அறநெறி அக்கா இங்கே வரட்டும். பெரிய பிள்ளையை வைத்துச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை ஸ்லைடில் படிக்க முடியாது, பார்த்துத்தான் பழக வேண்டும். போக்குவரத்துச் செலவைப் பள்ளி நிர்வாகமும் தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்த செயலமர்வுக்குப் பேனர் அடிக்க முன், அந்தக் காசுக்கு எத்தனை பஸ் டிக்கட் வரும் என்று ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.