செய்தியை யார் தேர்ந்தெடுப்பது?

சமூக ஊடகத்தைத் திறந்தால் செய்திகள் வந்து குவிகின்றன. அவற்றை நாம் கேட்டோமா? இல்லை. நாம் எதை நெடுநேரம் பார்க்கிறோம் என்று கணித்து, செயலியே நமக்காகத் தேர்ந்தெடுக்கிறது. இதை நான் விரும்பவில்லை.

1999இல் அறிமுகமான ‘ஆர்எஸ்எஸ்’ செய்தியோடை பழையதுதான். ஆயினும், அதுவே மேல் என்பேன். ‘தண்டர்பேர்ட்’ போன்ற மின்னஞ்சல் மென்பொருளில் செய்தியோடைக்கென ஒரு கணக்கைத் தொடங்கி, விரும்பும் தளத்தின் ஓடை முகவரியைச் சேர்த்தால் போதும். மென்பொருள் அவ்வப்போது தேடிப் பார்த்து, பிபிசி தமிழின் புதிய செய்திகளை மின்னஞ்சல்களைப் போலவே வரிசையாகக் காட்டும். நம் மின்னஞ்சல் முகவரியை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் ஆசைப்பட்டு 40 ஓடைகளைச் சேர்த்துவிட்டேன். ஒரே வாரத்தில் படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டின! பிறகு, ‘நாள்தோறும்’, ‘வார இறுதி’ என இரண்டே கோப்புறைகளில் அவற்றைப் பிரித்தேன். ஒரு மாதம் திறக்காத ஓடையை நீக்கிவிடுகிறேன்.

விரும்பியதை மட்டுமே படித்தால் பார்வை குறுகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். குறுகும். அதனால்தான், என் கருத்துக்கு மாறாக எழுதும் தளம் ஒன்றையும் ‘நாள்தோறும்’ கோப்புறையில் வைத்திருக்கிறேன். சில நாள் அதைப் படித்தால் எரிச்சல் வருகிறது. ஆனாலும், இன்னும் நீக்கவில்லை.