பின்னல் ஊசியும் பக்கத்து நாற்காலியும்

"எதையும் நாமே கற்றுக்கொள்ளலாம், காணொளி போதும்" என்கிறார்கள் நண்பர்கள். இரண்டு பின்னல் ஊசிகளையும் ஒரு நூற்கண்டையும் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

20 கண்ணிகளோடு தொடங்கும் துண்டு, பத்து வரிசைக்குள் 23 ஆகிவிடும். வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாக இழுபட்டுப் பின்னால் போனால், முதல் கண்ணியின் இரு கால்களும் இரு கண்ணிகளாகத் தெரியும். புதியவர் இரண்டையும் பின்னிவிடுவார். விவரம் தெரிந்தவர் அருகிலிருந்தால் ஒரு விநாடியில் தொட்டுக் காட்டுவார். காணொளிப் பெண்மணிக்கு நம் கை தெரியாதே!

அளவுகளோ தனிக் கூத்து. 4 மில்லிமீட்டர் ஊசி அமெரிக்கப் புத்தகத்தில் 6. பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் 8. அங்கே எண் ஏறினால் ஊசி தடிக்கும்; இங்கே மெலியும். நம் ஊர் வெயிலுக்கேற்ற பருத்தி நூலோ கம்பளிபோல் நெகிழாது. விரல் வலிக்கும், ஒவ்வொரு பிசகும் பளிச்செனத் தெரியும். சொல்லைத் தேடினாலும் தொல்லைதான். தமிழில் சடைக்கும் கூடைக்கும் இதற்கும் 'பின்னல்' ஒன்றே.

நம் பாட்டிமார் புத்தகம் பார்த்தா பூத்தொடுக்கக் கற்றார்கள்? பக்கத்தில் அமர்ந்து, விரலைப் பார்த்துக் கற்றார்கள். ஆகவே, எங்களைப் பொறுமையற்ற தலைமுறை என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. பொறுமை உண்டு, அருகில் அமர ஆள்தான் இல்லை.

பட்டிமன்றத்திற்கும் கவிதைப் போட்டிக்கும் மண்டபம் எடுக்கும் நம் கழகம், வாரம் ஒரு மாலை ஒரு மேசையை இதற்கும் ஒதுக்கலாம். முன்னாள் மாணவர்களிடையே பின்னத் தெரிந்தோர் இருப்பீர்கள். வாருங்கள், ஊசியும் நூலும் நாங்களே கொண்டு வருகிறோம்.